வெட்டிவிட்டுத் தைத்த பாய்

அன்றைக்குக் காத்திவாக்கம் மணலில் நைனா இருந்தார், அம்மா இருந்தாள், பக்கத்து வீட்டுச் சித்தப்பா இருந்தார். அண்ணன்தான் இல்லை, தூண்டில் முள் வாங்க ராயபுரம் போயிருந்தான். அவன் இருந்திருந்தால் என் கையிலிருந்த கத்தரியைப் பிடுங்கியிருப்பான்.

கட்டுமரத்தின் பாய் கிழிந்து மூன்று நாளாகக் கடலுக்குப் போகவில்லை. துணிக்கு ரேஷன் கூப்பன் இருந்த காலம். எங்கள் பாய் முக்கோணம். நாலு பட்டைத் துணியைப் பக்கம் பக்கமாகத் தைத்து, கடைசியில்தான் சாய்வாக ஓரம் வெட்டுவார்கள். பட்டைகள் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு முழம், ஆக முப்பது. வெட்டிய மூலையெல்லாம் வீண்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குப் பொறுக்கவில்லை. வெட்டியபின் முதல் பட்டை சின்ன முக்கோணம், மற்ற மூன்றும் சரிவகங்கள். முக்கோணத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெரிய சரிவகத்தின் சாய்வில் பொருத்தினால் பன்னிரண்டு முழ நீள்சதுரம். மிச்ச இரண்டு சரிவகங்களும் அப்படியே சேர்ந்து இன்னொரு பன்னிரண்டு. முதலிலேயே சாய்வாக வெட்டிவிட்டுத் தைத்தால் இருபத்து நாலு முழம் போதும்!

"கரீட்டா வருமாடா?" என்றார் நைனா.

"கணக்கு பொய் சொல்லாது."

என்னை நம்பிக் கூப்பனில் இருபத்து நாலு முழம் மட்டும் வாங்கினார், ஒன்பது ரூபாய். நான் வெட்டினேன், அவர்கள் தைத்தார்கள். ஒவ்வொரு தையலுக்கும் மூன்று விரல் துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. தையல் விழுந்த இடமெல்லாம் சாய்வு விலகி நின்றது.

"இன்னாடா இது? பாய் கேட்டா படிக்கட்டு தச்சிக்கீறே! மேல ஏறிப் போய் காத்தப் புடிக்கணுமா?" என்றார் சித்தப்பா.

படிகளை வெட்டி, ஓரம் மடித்ததும் பாய் சிறுத்துப் போனது.

"இத்த கட்டிகினு போனா மரம் நவுராது" என்றார் நைனா. "வெட்டிட்டு தச்சா மடிப்புக்குத் துணி ஏது?"

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமயா?"

"அப்புறம் ஏன் சொல்லலை?" என்று கத்தினேன்.

அம்மா சொன்னாள்: "நீ படிச்ச புள்ள. அதுக்கும் எதுனா வழி வச்சிருப்பேன்னு இருந்தோம்."

மூன்று பேர்! மூன்று பேருக்கும் தெரியும். ஒருவராவது வாயைத் திறக்க வேண்டாமா? யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கத்தரியை மணலில் எறிந்தேன்.

பாயை அகலமாக்க இன்னொரு முழுப் பட்டை வேண்டியிருந்தது. கூப்பன் தீர்ந்திருந்தது. நைனா கள்ள விலைக்குத்தான் வாங்கிவந்தார். நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது இரண்டேகால் ரூபாய். கூடுதல் துணி பன்னிரண்டு முழம், முழம் ஒரு ரூபாய், பன்னிரண்டு ரூபாய்.