மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடும்

அக்காவுக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவானபோது, எதை வாங்கலாம் என்று பார்த்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பொழிச்சலூர் வீட்டில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். அது ஒன்றுதான் எனக்கிருந்த தகுதி. கிண்டியில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த கம்பெனியில் ஒரு கண்ணாடி அறைக்குள் அது இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நான் வாசலோடு நின்று தாள்களைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளே நன்றாகக் குளிரும் என்பதைத் தவிர அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். மாடிப்படி மட்டும் ஆகாது. தபாலில் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு, தாம்பரத்தில் ஒரு அச்சகத்துக்குப் புரூஃப் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அச்சகத்துக்காரர் ஸ்கூட்டரில் வந்து தாள்களைக் கொடுத்துவிட்டுத் திருத்தியதை வாங்கிப் போவார். ஒருநாள் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே எழுத்துக் கோக்கற வேலையே கிடையாதும்மா. எல்லாம் கம்ப்யூட்டர்தான். நீங்க வீட்டுல ஒண்ணு வெச்சுக்கிட்டா டைப் பண்ற வேலையையும் உங்களுக்கே குடுத்துடறேன்."

அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்புவதற்குள் அக்கா, "வாங்கிடலாம்" என்றாள். சீட்டு எடுத்த பணம் அவளிடம் இருந்தது. அம்மா என்னைப் பார்த்து, "கிரைண்டர் வாங்கற மாதிரி சொல்றா பாரு" என்றாள்.

நான் முதலில் யோசனை கேட்டது பக்கத்து வீட்டு சாரிடம். பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர்.

"பிராண்டட்தான் வாங்கணும். அசெம்பிள்ட் பக்கமே போயிடாதே" என்றார்.

அசெம்பிள்ட் என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. கேட்கவும் கூச்சம். மறுநாள் ஆபீசில் எதிர் சீட்டு நண்பரிடம், பிராண்டட் வாங்கலாம் என்று இருப்பதாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பேருக்காகவா காசு குடுக்கப் போறீங்க? அசெம்பிள்ட்தான் சார் புத்திசாலிங்க வாங்கறது."

இரண்டு பேருமே வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கவில்லை என்பது எனக்கு ரயிலில் வரும்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை தாம்பரம் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் முதல் மாடியில் பிராண்டட் விற்கும் ஒரு ஷோரூம். டை கட்டிய இளைஞர் ஒருவர் என்னை உட்கார வைத்து, வழவழப்பான ஒரு வண்ணத்தாளை நீட்டினார். எட்டு எம்.பி. ராம் என்றார். ஹார்ட் டிஸ்க் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அங்கிருந்து இறங்கி, ரயில்வே லைனைத் தாண்டிக் கிழக்குத் தாம்பரம் போனேன். மருந்துக்கடை ஒன்றின் மாடியில், உதிரிப் பாகங்களை வாங்கிப் பூட்டி அசெம்பிள் செய்து தருபவரின் அறை. தரையெல்லாம் ஒயர். மேசை மேல் மூடியில்லாத பெட்டிகள், குடல் வெளியே தெரிய. பனியனோடு நின்றிருந்தவர் என்னைக் கண்டதும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"பிராண்டுன்னா இன்னா சார்? வெளியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர். உள்ள கீறது எல்லாம் தைவான்தான். அவன் பூட்டினா பிராண்டு, நான் பூட்டினா அசெம்பிள்ட்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஷோரூம்காரர் சொன்னபோதும் அப்படித்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒப்பித்தேன். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் போகும். ஒவ்வொன்றுக்கும் பேச்சை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும். எனக்கு விட்ட இடமும் தெரியவில்லை.

"ராம்னா என்ன?" என்றாள் அக்கா.

"மெமரி."

"ஹார்ட் டிஸ்க்?"

"அதுவும் மெமரிதான்."

"ரெண்டும் மெமரின்னா எதுக்கு ரெண்டு?"

ஒரு விமானம் போனது. அது போனதும், கேட்டு வருகிறேன் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கேள்வியோடு போனேன். ஷோரூம்காரர் அலமாரியையும் மேசையையும் காட்டி விளக்கினார். அலமாரியில் பத்திரமாக இருப்பது ஹார்ட் டிஸ்க், வேலை செய்ய எடுத்து மேசையில் பரப்பிக்கொள்வது ராம். புரிந்த மாதிரி இருந்தது. கிழக்குத் தாம்பரத்துக்காரர், "அதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு சார்? எட்டு பத்தாது, பதினாறு போட்டுக்கோ" என்றார். புரிந்திருந்த கொஞ்சமும் போய்விட்டது. எட்டு போதும் என்று அவரே முந்தின வாரம் சொல்லியிருந்தார்.

இப்படியே சில வாரங்கள் போயின. நான் கொண்டுவரும் பதிலிலிருந்து அக்கா புதிதாக ஒரு கேள்வியை எடுத்துவிடுவாள். தமிழ் எழுத்து வருமா? வரும் என்றார்கள் இரண்டு பேரும். எந்த விசையில் எந்த எழுத்து? அது ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி என்றார்கள். கரண்டு குறைந்தால் என்ன ஆகும்? ஷோரூமில் யுபிஎஸ் வைக்கச் சொன்னார்கள். கிழக்கே ஸ்டெபிலைசர் போதும் என்றார்கள். ஆபீஸ் நண்பர் இரண்டும் வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு சார், கரண்டு குறையும்போது கம்ப்யூட்டரைப் போடுவானேன் என்றார். ராத்திரி படுத்தால் எனக்கு இந்தச் சொற்களெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. மழைக்காலம் தொடங்குவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று அச்சகத்துக்காரர் வேறு அவசரப்படுத்தினார்.

கடைசியில் அக்கா, "நீ கொண்டுவர்றது எனக்குப் பத்தல. நானே வரேன்" என்றாள்.

"ரெண்டு கடையும் மாடி."

"ஆட்டோவுலேயே உட்கார்ந்துக்கறேன். அவங்களை இறங்கி வரச் சொல்லு."

ஒரு பொருளைப் பார்க்கக் கடையை இறங்கி வரச் சொல்வதா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அவள் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

ஷோரூம்காரர் இறங்கி வருவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. வந்தார். டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு வெளியே குனிந்து நின்று, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அக்கா கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"கெட்டுப்போனா யார் வருவாங்க?"

"ஒரு வருஷத்துக்கு எங்க இன்ஜினியர் வீட்டுக்கே வருவார், மேடம்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க இங்க எடுத்துட்டு வரணும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "மேலே" என்று மாடியைக் காட்டினார்.

"நானே திறந்து பார்க்கலாமா?"

"கூடாது, மேடம். மூடியில ஒரு சீல் இருக்கும். திறந்தா வாரண்டி போயிடும்."

நல்ல மனுஷர். மறைக்காமல் சொன்னார். அவரிடமே வாங்கிவிடலாம் என்று நான் அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அந்த முடிவு ரயில்வே கேட் வரைக்கும் இருந்தது.

கிழக்கே, மருந்துக்கடைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்திவிட்டு மாடியேறிச் சொன்னேன். "மேல வர முடியாதா? அதுக்கின்னா" என்று சொல்லிவிட்டு, மூடியில்லாத ஒரு பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். அதை ஆட்டோ சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாபா இது, ரேடியோவா? ஷாக் கீக் அடிக்கப் போவுது" என்றார். கரண்டே இல்லாத பெட்டி அது.

அக்கா குனிந்து பார்த்தாள். பச்சைத் தகடு, அதில் நட்டுவைத்த மாதிரி சின்னச் சின்ன அட்டைகள், தட்டையான சாம்பல் நிற ஒயர். ஒவ்வொன்றாக விரலால் காட்டிக் கேட்டாள். அவர் சொன்னார்.

"ராம் எது?"

காட்டினார்.

"எடுத்தா திரும்பப் போட முடியுமா?"

"நீயே எடுத்துப் பாருக்கா. மொதல்ல இந்தத் தகரத்தைத் தொட்டுக்கோ, கையில கீற கரண்டு போயிடும். ரெண்டு பக்கமும் கொக்கி கீது பாரு, அதைத் தள்ளு."

அக்கா கொக்கியைத் தள்ளினாள். அந்தச் சின்ன அட்டை சாய்ந்து அவள் கைக்கு வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சாய்த்து வைத்து அழுத்தினாள். டக் என்று ஒரு சத்தம். அவள் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு வேறு யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"கெட்டுப்போனா வருவீங்களா?"

"கடை இருக்கிற வரைக்கும் வருவேன்க்கா. கடை இருக்குமான்னு கேக்காத."

பல்லாவரம் தாண்டும் வரை அக்கா, கொக்கியைத் தள்ளிய விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "இவர்கிட்டயே வாங்கிடலாம்" என்றாள்.

"கடையே இருக்குமான்னு தெரியாதுன்னு சொல்றாரு. அங்க ஒரு வருஷம் ஆளே வீட்டுக்கு வருவான்" என்றேன்.

"திறக்கக் கூடாத பெட்டியை வெச்சுக்கிட்டு, அவன் எப்போ வருவான்னு நான் வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?"

எனக்கு இது காரணமாகவே படவில்லை. டிவியை யார் திறந்து பார்க்கிறார்கள்? ஃபேனை யார் திறந்து பார்க்கிறார்கள்? பிராண்டட்டில் என்ன குறை என்று அவள் ஒன்றுமே சொல்லவில்லையே. ஆனால் பணம் அவளுடையது. வேலையும் அவளுடையது.

பெட்டி வந்தது. முன்னறை ஜன்னலோரம் தாழ்வான மேசை போட்டு வைத்தோம். அம்மா குங்குமம் வைத்தாள். அச்சகத்துக்காரர் கொடுத்தது முதலில் ஒரு கல்யாணப் பத்திரிகை. பிறகு கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர். எழுத்து எந்த விசையில் ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடி அடித்தவள், பொங்கலுக்குள் பார்க்காமலே அடித்தாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் அது கண் திறக்கவில்லை. திரை கறுப்பு. பெட்டியிலிருந்து பீ... பீ... என்று நீளமாக ஒரு சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது. நான் கிழக்குத் தாம்பரம் ஓடினேன். மருந்துக்கடை மாடியில் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் துபாய் போய்விட்டார் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஷோரூம்காரரின் டைதான் கண்ணில் நின்றது. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு சார் நின்றிருந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

உள்ளே போனால் அக்கா தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, பெட்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து, மூடியைக் கழற்றிவிட்டிருந்தாள். அம்மா சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"துபாய் போயிட்டாராம்" என்றேன்.

"சரி. அந்த ஸ்டூலை நகர்த்து, வெளிச்சம் மறைக்குது" என்றாள்.

ராமை எடுத்தாள். அதன் அடியில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருந்த உலோகக் கோடுகள் மங்கிக் கிடந்தன. அக்கா புரூஃப் திருத்தப் பயன்படுத்தும் ரப்பரை எடுத்து அந்தக் கோடுகளை மெதுவாகத் தேய்த்தாள். கோடுகள் பளிச்சென்று வந்தன. ஊதிவிட்டு மறுபடி பொருத்தினாள். சுவிட்சைப் போட்டதும் மறுபடி பீ என்றது. எடுத்தாள், இன்னும் அழுத்திப் பொருத்தினாள். இந்த முறை ஒரே ஒரு சின்ன 'பிப்'. திரையில் எழுத்துகள் ஓடின. அம்மா, "நல்லாயிடுச்சா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

ரப்பரால் தேய்க்கலாம் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லல. அழுக்கா இருந்துது, தேய்ச்சேன்" என்றாள்.

இந்தச் செய்தி எப்படியோ தெருவில் பரவியது. கொஞ்ச நாளில் பம்மல், அனகாபுத்தூரிலிருந்தெல்லாம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். சிலது அவள் கையில் சரியானது, சிலது ஆகவில்லை. ஆகாததை ஆகாது என்று சொல்லிவிடுவாள்.

பிறகு ஒரு மாலை பக்கத்து வீட்டு சாரே வந்தார். அவர் மகள் அமெரிக்கா போய்விட்டாள். மெயில் அனுப்ப அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

"உன்னை மாதிரியே நானும் அசெம்பிள்டே வாங்கிடறேம்மா. நீதான் பொறுக்கிக் குடுக்கணும்" என்றார்.

பிராண்டட் பிராண்டட் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் தாமாக வந்து இப்படிக் கேட்கிறார். அக்கா பெருமைப்படுவாள் என்று நினைத்தேன்.

"வேண்டாம் சார், நீங்க பிராண்டட்டே வாங்குங்க" என்றாள்.

அவர் குழம்பினார். அவரைவிட நான் அதிகம் குழம்பினேன். அவர் போனதும், "ஏன் அப்படிச் சொன்னே? நம்மளுது நல்லாத்தானே ஓடுது?" என்றேன்.

"கெட்டுப்போனா அவருக்குத் திட்டறதுக்கு ஒரு கம்பெனி வேணும். அசெம்பிள்ட் வாங்கினா யாரைத் திட்டுவார்? என்னைத்தான்."

சார் பிராண்டட்டே வாங்கினார். நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் போனில் சர்வீஸ்காரர்களை இங்கிலீஷில் விரட்டுவது எங்களுக்கு நன்றாகவே கேட்கும். மிகவும் திருப்தியாக இருப்பவரின் குரல் அது.

"அப்போ எனக்கு எது சரிப்படும்?" என்று ஒருநாள் அக்காவைக் கேட்டேன். அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அவள் யோசித்துச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.