பட்டாணி வீட்டுக்காரர்

எனக்குக் கல்யாணம் பேசியபோது அத்தா தயங்கினார். "பட்டாணி வீட்டு ஆளுக கோவக்காரங்கன்னு சொல்லுதாங்களே" என்றார். நாங்களும் முஸ்லிம்கள்தான், ஆனால் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். மாப்பிள்ளை வீட்டார் உருது பேசும் பட்டாணிகள்; எந்தக் காலத்திலோ ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வந்தவர்கள் என்பார்கள். தலையணைக்கு அடியில் கத்தி வைத்துத் தூங்குவார்கள் என்று எங்கள் தெருப் பெண்கள் பயமுறுத்தினார்கள். கல்யாணமாகிப் போய்ப் பார்த்தால், என் வீட்டுக்காரர் பல்லிக்குப் பயந்து கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டிருந்தார். ராஜபாளையத்தில் எரிந்துபோன மோட்டாருக்குப் புதுச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை அவருக்கு. உயரமான ஆள், பூனைக்கண், தாடி.

தொண்ணூறுகளின் கடைசியில் டி.வி.யில் ஆப்கானிஸ்தான் சண்டையை அடிக்கடி காட்டினார்கள். துப்பாக்கியோடு தாடிக்காரர்கள் வருவார்கள். "அண்ணே, உங்க சொந்தக்காரங்களா?" என்று பக்கத்து வீட்டார் கேலி பேசுவார்கள். இவரும் சிரிப்பார். பிறகு நம் மாநிலத்திலேயே குண்டு வெடித்தது. அதோடு கேலி நின்றது. அது நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறினோம். கூமாப்பட்டி விவசாயி ஒருவரின் எரிந்துபோன மோட்டாரை இவர் சாக்கில் கட்டிக் காலடியில் வைத்திருந்தார். சாக்கின் ஓட்டை வழியே ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. ஊர் தாண்டியதும் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சாக்கை, தாடியை, மறுபடியும் சாக்கை.

"அதுல என்ன?"

"மோட்டார்ணே."

"ஒயரு தொங்குதே! கண்டக்டர், இந்த ஆளைப் பாருங்க. டி.வி.ல வாரவன் மாதிரியே இருக்கான்."

கண்டக்டர் விசில் ஊதினார்; பஸ் நின்றது. ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் கீழே நின்று, "சாக்கைத் தொடாத! அப்படியே இரு!" என்று கத்தினார். ரோட்டோரம் நான்கைந்து பேர் கையில் கல் எடுத்துவிட்டார்கள்.

"நீ இறங்கிப் போ" என்றார் இவர்.

"மாட்டேன்."

நான் இறங்கினால் கல் வரும் என்று தோன்றியது. அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். போலீஸ் ஜீப் வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

போலீஸ்காரர் சாக்கைப் பிரிக்கச் சொன்னார். இவர் இழுத்துப் பார்த்தும் முடிச்சு அவிழவில்லை. நான்தான் பல்லால் கடித்து அவிழ்த்தேன். உள்ளே கருகிய செப்புக்கம்பி. கீழே நின்றவர்களில் ஒருவர், "அட, நம்ம காயில் கடைக்காரரு!" என்றார். அதுவரை அவரும் வாய் திறக்கவில்லை.

"சொந்த ஊரு எது?" என்றார் போலீஸ்காரர்.

"இங்க பக்கத்துல செட்டியார்பட்டி சார்."

"அதுக்கு முன்னாடி?"

"தாத்தா காலத்துல இருந்து அதேதான் சார்."

அவர் நம்பவில்லை. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ச் சாயங்காலம்தான் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, தாடிய எடுத்துருங்களேன்" என்றேன்.

"எடுத்துட்டா கண்ணை என்ன பண்ண?" என்றார்.

தாடியை எடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த மோட்டாரையும் அவர் பஸ்ஸில் கொண்டுவந்ததில்லை. சைக்கிளில் கட்டி அத்தனை தூரமும் மிதித்து வருவார். வாசலில் அவர் சைக்கிளை நிறுத்தும்வரை எனக்குச் சோறு இறங்காது.