இத்தாலி உப்புக்கண்டம்

அம்மா ஆண்டுக்கு இரண்டு முறைதான் கடல்பாலம் தாண்டி எங்களைப் பார்க்க வருவாள். கடலுக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டின் தம்மாமில், ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருந்தாள்; விடுதியில் அவளுக்கு ஒரு கட்டில் மட்டுமே உண்டு. இந்தப் பக்கம், மனாமா நகரின் குதைபியாப் பகுதியில், அப்பாவும் எட்டு வயது நானும் ஓர் அறையில் இருந்தோம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் சொந்த ஊர் குளச்சலில் வைப்பதுபோல் பன்றிக்கறி. அவள் இருந்த நாட்டில் அது தடை. இங்கே சூப்பர் மார்க்கெட்டில், முஸ்லிம் அல்லாதோருக்கென்று தனி அறையில் விற்பார்கள். அப்பா போனபோது பச்சைக் கறி தீர்ந்திருந்தது. இத்தாலியிலிருந்து வந்த, பான்செட்டா என்ற பன்றிக்கறி ஒரு சுருள்தான் மிச்சம். அதையே வாங்கி வந்தார்.

அம்மா கை பழகியபடி அதில் உப்பும் வினிகரும் பிசறி, மிளகு அரைத்துச் சேர்த்து வேகவைத்தாள். முதல் துண்டை வாயில் போட்ட அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"கருவாட்டுக்கு யாராவது உப்புப் போடுவாவளா, பிள்ள?"

"உறையில எழுதியிருந்தத நீங்கதான வாசிச்சிருக்கணும்?"

"அது இத்தாலிக்காரன் பாஷை. எனக்கு மலையாளமே தடுமாறும்!"

ஏற்கெனவே உப்பிட்டுப் பதப்படுத்திய கறி அது; உருளைக்கிழங்கு போட்டும் உப்பு அடங்கவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்துச் சிரித்தோம். பாதிக் கறி மீந்தது.

மறுநாளே அவளுக்கு டியூட்டி. ஆசைப்பட்டு வந்தவள் வயிறார உண்ணவில்லையே என்று, மீந்ததைச் சிறு டப்பாவில் அடைத்து, அவளுடைய சீருடைக்குள் சுற்றிப் பையின் அடியில் வைத்தேன்.

பேருந்து ஏறுமுன் அவளது பையைச் சோதிப்பது அப்பாவின் வழக்கம். டப்பாவைக் கண்டதும் அதை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"பாலத்துச் சோதனையில இத எடுத்தானுவன்னா அம்மைக்கு வேலை போயிரும், தெரியுமா?"

குப்பைத்தொட்டியை நோக்கித் திரும்பியவரின் கையிலிருந்து அம்மா டப்பாவை வாங்கிக்கொண்டாள். நடைபாதை ஓரம் உட்கார்ந்து, சோறும் தண்ணீரும் இல்லாமல், துண்டு துண்டாக எல்லாவற்றையும் தின்றாள். "யல்லா, யல்லா" என்று ஓட்டுநர் அவசரப்படுத்தினார். அவள் கையையும் வாயையும் கழுவினாள். விரல்களை முகர்ந்து பார்த்து மீண்டும் கழுவினாள். வெறும் டப்பாவை என்னிடம் தந்தாள்.

"நல்லா இருந்துச்சு மக்ளே."

அம்மாவின் சம்பளத்தில்தான் எங்கள் அறை வாடகையும் என் பள்ளிக் கட்டணமும் கட்டினோம் என்பதை இன்று என்னால் எடைபோட முடிகிறது. அன்றோ, அம்மாவுக்கு அவ்வளவு பசி என்று நினைத்தேன். இன்னும் நான்கு துண்டு கூடுதலாக வைத்திருக்கலாமே என்றுதான் பேருந்து மறையும்வரை வருந்திக்கொண்டிருந்தேன்.