சமையல் மேடைக்குப் பாலிஷும் ஒரு சுவிட்ச் காவலும்

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து என் வலது கை ஒரே இடத்தில்தான் இருந்தது. சமையலறை வாசலை ஒட்டியிருக்கும் சுவிட்ச் போர்டில்.

சுவிட்ச்சுக்குக் காவல். அதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. கரப்பான்பூச்சியைக் கண்டாலே தெருவுக்கு ஓடுகிறவள் நான். என்னைப் போய் ஏன் நிறுத்தினார்கள்?

சொல்கிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினோம். கான்கிரீட் போட்டு மிச்சமான ஜல்லியும் சிமென்ட்டும் வாசலில் கிடந்தன. என் கணவர் பம்ப்செட் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வியாதி உண்டு — கடையில் எதைப் பார்த்தாலும் ‘இதை நாமே செஞ்சுக்கலாமே’ என்று கை அரிக்கும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் சமையல் மேடைக்குக் கிரானைட் போட்டுக்கொண்டிருக்க, இவர் பலகை அடித்து, கம்பி கட்டி, கறுப்புச் சாயம் கலந்து கான்கிரீட்டிலேயே ஒரு மேடை வார்த்துவிட்டார்.

வார்த்தது என்னவோ நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் தொட்டால் சொரசொரப்பு. துடைத்தால் துணி கிழிகிறது. பாலிஷ் போட்டே ஆக வேண்டும்... எதை வைத்து?

மொசைக் தரைக்குப் பாலிஷ் போடும் மெஷின் இருக்கிறதே என்றேன். அதைத் தூக்கி மேலே வைத்தால் மேடை கீழே வந்துவிடுமாம். சரி, கார்பொரண்டம் கல்லால் கையிலேயே தேய்க்கலாமே?

“தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள பொங்கல் வந்துரும் அம்மணி!”

கடைசியில் என் தம்பி வேலை பார்க்கும் பவுண்டரியிலிருந்து ஒரு ஹேண்ட் கிரைண்டர் வந்து சேர்ந்தது. வார்ப்பட இரும்பில் பிசிறு தட்டுகிற மெஷின். அதன் உறுமலைக் கேட்டதுமே நான் வாசற்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

அதில் மாட்டுகிற எமரி தட்டுகள் வாங்க இரண்டு பேரும் டவுனுக்குப் போனோம். முதலில் கரடான தட்டு, அப்புறம் நைசு, அதற்கப்புறம் அதைவிட நைசு. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் முந்தையது போட்ட கீறல் போகவே போகாதாம். கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“தண்ணி ஊத்தியா ஓட்டப்போறீங்க?”

“ஆமாங்க. இல்லாட்டி ஊடு பூரா தூசு பறக்குமுங்களே.”

கடைக்காரர் பொட்டலம் கட்டுவதை நிறுத்தினார். ‘வேண்டாம்’ என்று அவர் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

“செய்யலாமுங்க... ரப்பர் செருப்புப் போட்டுக்கோங்க. ஒராள சுவிட்ச்சுகிட்ட நிறுத்திப்போடுங்க. ஏதாவது ஒண்ணுன்னா படக்குனு அணைச்சுப்போடலாமுங்க.”

அது என்ன ‘ஏதாவது ஒண்ணு’? பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை இவரிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். இவர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார்.

ஞாயிறு காலை. தெருமுனை நர்ஸம்மாவிடம் காலி குளுக்கோஸ் பாட்டில் வாங்கி, தண்ணீர் நிரப்பி, ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டார். குழாய் வழியே மேடையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

“பாரு... கல்லுக்கு டிரிப்ஸ்!”

அவருக்குச் சிரிப்பு. எனக்கு ஆஸ்பத்திரி வாசனையே வந்துவிட்டது.

கிரைண்டரில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. சுவிட்ச்சை அழுத்திக்கொண்டே அதையும் அழுத்திவிட்டால், விரலை எடுத்தாலும் மெஷின் நிற்காது. விரல் வலிக்கிறதென்று ஆரம்பத்திலேயே அதை அழுத்திவிட்டார். இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் தேய்க்கிறார். கறுப்புக் குழம்பு சுவரெல்லாம் தெறிக்கிறது. நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தோள் லேசாகக் குலுங்கினால் போதும் — ஷாக்கோ? அணைத்துவிடுவேன்.

“ஏம்மணி அணைச்சே?”

“குலுங்குனீங்களே...”

“தும்முனேன் அம்மணி!”

இப்படிப் பலமுறை. மத்தியானம் சாப்பிடும்போதுகூட அந்தப் பிளக்கைப் பார்த்தபடியேதான் சாப்பிட்டேன். இந்த மனிதருக்கு ஒன்று என்றால் நான் என்ன செய்வேன்? அன்று முழுக்க மனதில் ஓடியது அது ஒன்றுதான்.

மூன்று மணி வாக்கில் கரண்ட் போனது.

மெஷின் முனகி முனகி நின்றது. அதை அப்படியே மேடைமேல் வைத்தார். “பக்கத்து ஊட்டுலயும் இல்லையான்னு பார்த்துட்டு வாரேன்” என்று வெளியே போனார். கரண்ட் போனால் நாம் எல்லாரும் செய்வதுதானே? அவர்களுக்கும் இல்லை என்று தெரிந்தால்தான் மனசு ஆறும். இன்னொன்றும் செய்வோம். எந்த சுவிட்ச்சையும் அணைக்கமாட்டோம். அணைத்துவிட்டால் கரண்ட் வந்தது எப்படித் தெரியும்?

சாப்பாட்டு வேளையைத் தவிர, காலையிலிருந்து இப்போதுதான் போர்டிலிருந்து கையை எடுத்தேன். அப்பாடா! கரண்டே இல்லை, இனி என்ன பயம்? நிம்மதியாக உள்ளே போனேன்.

மேடையைக் கையால் வழித்துப் பார்த்தேன். குழம்புக்கு அடியில்... ஐயோ, என்ன அழகு! கறுப்பில் ஜல்லி ஒவ்வொன்றும் சாம்பலும் வெள்ளையுமாக மின்னிக்கொண்டிருந்தது. கன்னத்தை வைத்துக்கொள்ளலாம் போல அவ்வளவு வழவழப்பு. முகம் தெரிகிறதா என்று குனிந்தேன். முந்தானை மேடைமேல் சரிந்தது.

தெருவில் பிள்ளைகள் “ஹேய்ய்” என்று கத்தினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் புரிவதற்குள் கிரைண்டர் துள்ளி எழுந்தது. என் முந்தானையை வாரிச் சுருட்டியது. யாரோ கழுத்தைப் பிடித்து இழுப்பது போல மேடையை நோக்கிப் போகிறேன். கத்தினேனா, தெரியவில்லை. சேலை கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. மல்லாந்து சுவரில் போய் விழுந்தேன். மெஷின் துணியைச் சுற்றிக்கொண்டு மேடையைக் கிறிச்சென்று பிறாண்டியது.

பிறகு நின்றது. வாசலில் இவர். கை சுவிட்ச் போர்டில்.

நான் கட்டியிருந்தது பழைய பருத்தி வாயில் சேலை. இற்றுப்போனது. ‘இதையெல்லாம் இன்னும் கட்டோணுமா?’ என்று இவர் திட்டிக்கொண்டே இருந்த சேலை. புதுசாக இருந்திருந்தால் கிழிந்திருக்காது.

“அடி பட்டுருச்சா அம்மணி? கையக் காட்டு... கழுத்தக் காட்டு...” அந்தக் குழம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “பிள்ளைக கத்துனதும்தான் அந்தப் பொத்தான் ஞாபகம் வந்துச்சு. என்ற உசுருக்கு உன்னக் காவல் வெச்சேன். உன்னப் பத்தி ஒரு நிமிசம் நெனைக்கலியே கண்ணு!”

“நானே நெனைக்கலீங்களே...” என்றேன். இரண்டு பேரும் அழுதோம். டிரிப்ஸ் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

நாள் முழுக்க நடுங்கினேனே, அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. பயத்தைக் கீழே இறக்கி வைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வந்தது. பயத்துக்கு எப்போது லீவு விடுவது என்று யாருக்குத் தெரிகிறது, சொல்லுங்கள்?

கிரைண்டர் மறுநாளே பவுண்டரிக்குத் திரும்பிப் போனது. மிச்சப் பாலிஷைக் கார்பொரண்டம் கல்லால்தான் போட்டோம். சாயங்காலம் ஆனால் மேடைக்கு அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலி. ஆனால் கை நின்றால் கல்லும் நிற்கிறது. கருவி வாங்கும்போது இனி நான் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான் — கையை எடுத்தால் நிற்குமா?

மேடையில் பிறை நிலா மாதிரி ஒரு வடு விழுந்திருக்கிறது. சிமென்ட் பூசி மறைத்துவிடுகிறேன் என்றார். இருக்கட்டும் என்றுவிட்டேன்.

இப்போதெல்லாம் கரண்ட் போனால் இவர் தெருவுக்கு ஓடுவதில்லை. அறை அறையாகப் போய் ஃபேன், லைட், மிக்ஸி, டி.வி. என்று ஒன்று விடாமல் அணைக்கிறார். அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

தெருவே வெளிச்சமாக இருக்கும். கரண்ட் வந்த விஷயம் எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்திருக்காது!