துடைத்துவிட்ட தரை

இஸ்திரிக்கார அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடிகிற இடம்தான் அவளுடைய கடை. காலர், கைப்பட்டி, முதுகு என்று வரிசை மாறாமல் தேய்ப்பாள். வாயும் சும்மா இருக்காது. "இந்தச் சட்டையை நீ போட்டுக்கிட்டுத் தூங்கினியா, இல்ல மாடு போட்டுக்கிட்டுத் தூங்குச்சா?" என்று கேட்டுக்கொண்டே கசங்கலை எடுத்துவிடுவாள்.

அவள் அப்பாவுக்கு இரண்டு தாரம். மூத்தவளின் மகள் இவள், இளையவளின் மகன் சின்னவன். தாய்மார் இருவரும் அடுத்தடுத்துக் கண்ணை மூடிவிட, அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் இவள்தான். ஒருநாள் அத்தைக்காரி, "என்ன இருந்தாலும் இளையதாரத்துப் பிள்ளைதானே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றோடு அந்த அத்தைக்கு வீட்டு வாசல் அடைத்துப் போயிற்று.

தெருமுனையில் பெரிய மளிகைக் கடை. அங்கே வேலை செய்கிறவர்களின் சீருடை எல்லாம் அக்காவிடம்தான் வரும். அந்தப் பழக்கத்தை வைத்து முதலாளியிடம் கெஞ்சி, சின்னவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தாள். அவனும் முன்னேறி சூப்பர்வைசர் ஆனான்.

ஒருநாள் சோப்பு வாங்கப் போனவள் அந்தக் கடையிலேயே விழுந்தாள். அடுக்கிலிருந்த எண்ணெய் டின் ஒன்று ஒழுகித் தரையெல்லாம் பரவியிருந்தது. கால் வழுக்கியது, வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சின்னவன் அலறிக்கொண்டு ஓடி வந்தான். கண் இருட்டிக்கொண்டு வந்த அந்த வலியிலும் அவள் முதலில் சொன்னது, "டேய், முதல்ல அதைத் தொடைடா. இன்னொருத்தர் விழுந்து தொலைக்கப் போறாங்க" என்பதுதான்.

அவனும் மண்டியிட்டுத் துடைத்தான். துடைத்துக்கொண்டே, "காலையிலேயே ஒரு அம்மா சொன்னாங்கக்கா. நான்தான் மறந்துட்டேன். வெளிய தெரிஞ்சா என்னைத் துரத்திடுவாங்க" என்று அழுதான்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அழாதடா" என்றாள் இவள்.

எலும்பு கூடியது, பிடி கூடவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினால் விரல்கள் தாமாக விட்டுவிட்டன. ஆரம்பத்தில் "நான் பாத்துக்கறேன்மா" என்ற முதலாளி, பிறகு போனை எடுப்பதை விட்டார். நேரில் போய் நின்றதும், "எங்க விழுந்தியோ, என் கடை மேல பழி போடறே" என்றார்.

பக்கத்து வீட்டு வக்கீலம்மாவுக்கு மனசு பொறுக்கவில்லை. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். "கேமராவுல அந்த இடம் விழலையாம். எண்ணெய் இருந்துச்சுன்னு சொல்ல ஆள் வேணும்கா."

"தம்பி இருக்கான்ல?"

"அவர் அங்கதானே வேலை பாக்கறார். சொல்வாரா?"

"என் தம்பி சொல்லலைன்னா வேற எவன் சொல்வான்?"

சின்னவனும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலை போனா மயிரே போச்சு. நான் வந்து சொல்றேன்கா" என்றான்.

விசாரணையன்று பக்கத்து நாற்காலியில் பையை வைத்து அவனுக்காக இடம் பிடித்திருந்தாள். அவன் கடை வக்கீலோடு வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான்.

"தரையில எண்ணெய் இருந்துச்சா?" என்று கேட்டார் நீதிபதி.

"இல்லீங்க. காஞ்ச தரை. அவங்களுக்கு அடிக்கடி தலை சுத்தும். என்கிட்டயே சொல்லியிருக்காங்க."

தலை சுற்றுகிறது என்று அவள் சொன்னது உண்மைதான். ஒரு காய்ச்சல் நாளில், 'வெளிய சொல்லாதடா, துணி வர்றது நின்னுடும்' என்று அவன் காதோடு சொன்னது.

"அவங்க உங்க கூடப்பிறந்த அக்காதானே?" என்றார் நீதிபதி.

சின்னவன் தொண்டையைச் செருமினான். "கூடப்பிறந்தவங்க இல்லீங்க. அப்பா ஒண்ணு, அம்மா வேற."

வக்கீலம்மா தோளைத் தொட்ட பிறகுதான் அக்கா எழுந்தாள்.

"எண்ணெய் இருந்துச்சுங்கய்யா. தொடைக்கச் சொன்னது நான், தொடைச்சது இவன். காலையிலேயே ஒரு அம்மா சொல்லியும் தொடைக்காம விட்டதும் இவன்தான். வேலை போயிடுமேன்னு இதை என் வக்கீல்கிட்டகூட நான் சொல்லல."

"இதுக்கு சாட்சி?"

"இவன்தான்" என்றாள்.

நீதிபதி பேனாவை மூடிவிட்டார். இத்தனை நாள் சொல்லாததை இப்போது சொன்னால் எப்படி நம்புவது என்றார். வழக்கு தள்ளுபடி ஆயிற்று. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா, அந்த அம்மாவைத் தேடிப் பிடிச்சிருப்பேனே" என்று வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வெளியே வாசலில் சின்னவன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு நின்றான்.

"எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்லக்கா. கோவத்துல கண்டதையும் மனசுல வச்சுக்காத. ஏறு, வீட்டுல விட்டுடறேன்."

அவள் புடவைத் தலைப்பை இடது கையால் இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க கிளம்புங்க தம்பி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நான் பஸ்ஸுல போய்க்கறேன்."

தூக்கி வளர்த்த நாளிலிருந்து அடா புடா தவிர வேறு பேச்சு பேசாதவள். கன்னத்தில் பளாரென்று அறைந்திருந்தால்கூடச் சிரித்துக்கொண்டே வாங்கியிருப்பான். வண்டி தானாக அணைந்து நின்றதுகூடத் தெரியாமல், அவள் தெருவைக் கடந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.