உறைந்த பட்டாணி வரிசையில் ஒரு பெனால்டி

கில்டார்னியில் ஹெக்டர் லாமன்ட் முப்பது வருஷம் பஸ் ஓட்டினார். வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. ஊர் அவரை நினைவில் வைத்திருந்தது அதற்காக அல்ல. இளவட்டமாக இருந்தபோது, கால்பந்துக் கோப்பை அரையிறுதியில், கடைசி நிமிஷத்தில் அவர் அடித்த பெனால்டிக்காக. பந்து கோல் கம்பத்துக்கு மேலே போய், பார்வையாளர் கூரைக்கும் மேலே போய், பின்னால் ஊர்ந்துகொண்டிருந்த நிலக்கரி ரயிலில் விழுந்து கிளாஸ்கோவுக்குப் போய்விட்டது. ஊர் அணியான 'கில்டார்னி திஸில்' தோற்றது. சில வருஷத்தில் கிளப்பே இழுத்து மூடப்பட்டது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஹெக்டர் சொல்லாத நாளில்லை.

"ஹெக்டர், இந்த பஸ் கிளாஸ்கோ போகுமா? இல்ல, பந்து மட்டும்தான் போகுமா?" என்று கேட்டுக்கொண்டே ஏறுவார்கள். கல்யாணத்தன்று பாதிரியாரே, "மோதிரத்தையாவது குறி பாத்துப் போடுப்பா" என்றார். மணப்பெண் எல்ஸ்பெத் சிரித்த சிரிப்பில் முகத்திரை கழன்று விழுந்தது.

மைதானம் இருந்த இடத்தில் இப்போது சூப்பர்மார்க்கெட். வியாழக்கிழமைதோறும் எல்ஸ்பெத்தோடு போகும்போது, உறைந்த பட்டாணி வரிசையில் ஹெக்டர் கொஞ்சம் நிற்பார். பெனால்டி புள்ளி அங்கேதான் இருந்தது.

"பட்டாணி எடுக்குறியா, இல்ல அதுக்கு அஞ்சலி செலுத்துறியா?" என்பாள் எல்ஸ்பெத்.

ஒரு வியாழக்கிழமை அதே இடத்தில் நெட்டையான கிழவர் ஒருவர் நின்றிருந்தார். பானைக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இரண்டு காதுகள். அந்தக் காதுகளை ஹெக்டரால் மறக்க முடியுமா? அந்த அரையிறுதியில் எதிரே நின்ற கிரேக்னெய்ல் அணியின் கோல்கீப்பர் ராபின் பிர்னி. மகள் வீட்டோடு இருக்க இந்த ஊருக்கே வந்துவிட்டாராம்.

"அட, ரயிலுக்குப் பந்து ஏத்திவிட்ட ஆளு!" என்றார் பிர்னி.

"நீ முன்னாடியே நகந்தே. அதான் என் கவனம் கலைஞ்சுது."

"நானா? வேர் விட்டு நின்னேன்டா! நீ ஒழுங்கா அடிச்சிருந்தாலும் ஒத்தக் கையில புடிச்சிருப்பேன்."

ஹெக்டர் தள்ளுவண்டியிலிருந்து முட்டைக்கோஸை எடுத்துத் தரையில் வைத்தார்.

"அது சூப்புக்கு வாங்கினது!" என்று எல்ஸ்பெத் கத்தினாள். பிர்னி அதற்குள் கோட்டைக் கழற்றிவிட்டு, ஐஸ் பெட்டிக்கும் அடுக்கியிருந்த சூப் டின்களுக்கும் நடுவில் கையை விரித்து நின்றுவிட்டார். கூட்டம் கூடிவிட்டது.

"எல்லாரும் மேல கூரையைப் பாத்துக்கோங்க!" என்று ஒரு கிழவி எச்சரித்தாள்.

மேலாளர் கிர்ஸ்டீன் ஓடி வந்தாள். "மிஸ்டர் லாமன்ட், கடைக்குள்ள பந்து விளையாடக் கூடாது."

"இது பந்து இல்லம்மா, கோஸு" என்றார் ஹெக்டர்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். அவளுடைய அப்பாவும் அதில் இருந்தார், கண் இமைக்காமல். "ஒண்ணே ஒண்ணுதான்" என்று ஒதுங்கினாள்.

ஹெக்டர் பின்னால் போனார். முழங்கால் முணுமுணுத்தது. ஓடி வந்து உதைத்தார். ஷூ கழன்று இடது பக்கம் பறந்தது. பிர்னி அந்த வயதிலும் அம்பு மாதிரி பாய்ந்து, இரண்டு கையாலும் அதை அள்ளிப் பிடித்தார். கோஸ் வலது பக்கமாக, அவசரமே இல்லாமல் உருண்டு, சூப் டின்களை உரசிக்கொண்டு உள்ளே போய் நின்றது. கைதட்டலில் கடையே அதிர்ந்தது.

"புடிச்சேன்ல!" என்றார் தரையில் கிடந்த பிர்னி.

"ஷூவைப் புடிச்சே. கோஸு உள்ள போயிடுச்சு."

பிர்னியைத் தூக்கி நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்தது. ஹெக்டர் ஷூவை மாட்டி, நாடா தொங்கும் காலை நீட்டினார். எல்ஸ்பெத் குனிந்து கட்டிவிட்டாள். கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு மூவரும் எதிர்க்கடையில் டீயும் ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் வாங்கி உட்கார்ந்தார்கள். பிர்னி பெருமூச்சு விட்டார்.

"உன்னைத் தோக்கடிச்சுட்டு இறுதிப் போட்டிக்குப் போனோமே, அதுல எட்டு கோல் விட்டேன். இன்னிக்கும் எங்க ஊர்ல என் பேரே 'எட்டு'தான். என் தங்கச்சி பசங்க 'எட்டு மாமா'ங்கறாங்க. பந்து அடிச்ச உனக்கு ஒரே ஒரு தப்பு. எனக்கு எட்டு."

ஹெக்டர் அவரையே பார்த்தார். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது, பிர்னியும் சேர்ந்துகொண்டார். பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள்.

ஹெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தட்டிலிருந்த பலகாரத்தில் பாதியை வெட்டி எதிர்த்தட்டில் வைத்தார்.

"சாப்பிடு, எட்டு. ஆறிடப் போவுது."