அக்கா பிடித்த மீன்

ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு வாங்கிய பிறகுதான் அக்காவின் கணவருக்கு மீன்பிடியில் ஆசை பிறந்தது. அதற்கு முன் அவருக்கும் மீனுக்கும் இருந்த உறவு சாப்பாட்டுக் கோப்பையோடு முடிந்துவிடும். இப்போது பேஸ்மென்ற் முழுக்கத் தூண்டில்கள். வெயில் படாத முகமும் தொந்தியுமாக, உடம்பெல்லாம் பொக்கற் வைத்த ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, வோபர்னில் இருக்கும் எங்கள் சின்ன அப்பார்ட்மென்றுக்கு வருவார். நான் வாங்கிவந்த மீனைப் பார்த்துவிட்டு, "உது மீனில்லை, பிணம்" என்பார். பிறகு அதே பிணத்தின் பொரியலில் நாலு துண்டு சாப்பிடுவார்.

போன கோடையில் வடக்கே ஒரு ஏரிக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த ஏரிக்கு றோட்டு இல்லை. தண்ணீரில் இறங்கும் சிறு விமானம் ஒன்று எங்கள் நால்வரையும், அதாவது அத்தான், அக்கா, என் கணவர், நான், ஒரு மரக் கபினுக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போனது. போன் வேலை செய்யாது. இரத்தம் குடிக்கும் நுளம்புகள்தான் மனிதரைவிட நல்ல ஒழுங்கோடு வேலை செய்தன.

முதல் நாளே அத்தான் பிரசங்கம் வைத்தார். "பிடிக்கிறது, படமெடுக்கிறது, திருப்பி விடுகிறது. இது ஸ்போர்ட். தின்னுறதுக்குப் பிடிக்கிறவன் ஸ்போர்ட்ஸ்மன் இல்லை."

"அப்ப மீனுக்கு இதிலை என்ன லாபம், அத்தான்?" என்று கேட்டேன்.

"உனக்கு விளங்காது."

என் கணவர் சிரித்தார். அத்தான் என்ன சொன்னாலும் சிரிப்பது அவர் வழக்கம். அதைப் பற்றி வீட்டில் பலமுறை கதைத்திருக்கிறோம்.

முதல் இரண்டு நாளும் கபினோடு கிடைத்த மோட்டார் போட்டில் சுற்றியும் அத்தானிடம் அகப்பட்டவை நீர்ப்பாசியும் அவருடைய தொப்பியும்தான். குற்றம் எப்போதும் வேறு எதிலாவது இருந்தது. காற்று கூடிப்போச்சு என்றார், வெயில் குறைஞ்சுபோச்சு என்றார். கடைசியில் நான் போட்டில் இருந்து கதைப்பதால் மீன்கள் ஓடுகின்றன என்றார். அக்காவுக்கு அவர் கொடுத்திருந்த வேலை, படமெடுக்கப் போனை ஆயத்தமாக வைத்திருப்பது. எல்லோருக்கும் மீன்பிடி லைசென்ஸ் எடுத்திருந்தும் தூண்டிலை அவளிடம் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. முப்பது வருடமாக அந்த மனிதர் பக்கத்தில் எதையோ ஏந்திக்கொண்டு நிற்பது அவளுக்குப் பழகிவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணீர் ஊற்றுவதற்காகத் தூண்டிலை அக்காவிடம் நீட்டினார். "சும்மா பிடிச்சுக்கொண்டிரும். ஒண்டும் செய்யாதையும்."

அவர் கப்பை வாயில் வைக்கவில்லை, தடி வில்லாக வளைந்தது. நூல் கீச்சிட்டுக்கொண்டு ஓடியது.

"தாரும், தாரும் இஞ்சை" என்று தேத்தண்ணீரைத் தன் மடியில் ஊற்றிக்கொண்டு எழும்பினார். போட் ஆடியது.

"இருங்கோ, கவிழப்போகுது" என்றாள் அக்கா. அவர் பக்கம் திரும்பவே இல்லை. மீன் இழுத்தபோது விட்டாள், களைத்தபோது சுற்றினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு நாளாக அவர் பிழையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்ததே போதுமாக இருந்திருக்கும். நீண்ட வாயும் கொடும் பற்களுமாக, எங்கள் சீலா மீனின் சாயலில் பைக் என்கிற பெரிய ஏரிமீன் ஒன்று போட்டுக்குப் பக்கத்தில் வந்து புரண்டது. அக்காவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவளுடைய கலியாணத்திலும் நான் காணவில்லை.

அத்தான் வலையால் அள்ளினார். அவருடைய பங்கு அவ்வளவுதான். உடனே மீனைக் கையில் எடுத்தார். "உம்மடை கையிலை வழுக்கிடும்." போனை என்னிடம் தரச்சொன்னார். கண்ணாடியைக் கழற்றி எடுத்த படம் சரியில்லை. கண்ணாடியோடு எடுத்தபோது நனைந்த மடி தெரிந்தது. போட்டைத் திருப்பி வெளிச்சத்தை மாற்றச் சொன்னார். மீன் பெரிதாகத் தெரியவேண்டும் என்று கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு திறக்கவில்லை.

"அத்தான், விடுங்கோ அதை."

"இன்னும் ஒண்டு."

கடைசியில் தண்ணீரில் விட்டார். அது வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

"நடிக்குது. கொஞ்சத்தாலை ஓடிடும். வாங்கோ போவம்." அதைப் பார்க்காமல் என் கணவருக்கு மோட்டாரைக் காட்டினார்.

"போட்டைத் திருப்பும், தம்பி" என்றாள் அக்கா. என் கணவர் அத்தானின் முகத்தைப் பார்த்தார். அக்கா என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திருப்பினார். அவள் வலையைப் போட்டுத் தன் மீனை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

கபினில் அதை வெட்டிக் கழுவி, கொண்டுபோயிருந்த கறித்தூளும் பழப்புளியும் போட்டுக் குழம்பு வைத்தோம். முள் கூடிய மீன், ஆனால் நல்ல ருசி. அத்தான் வெளியே பாணும் பீநட் பட்டருமாகக் கொள்கையோடு இருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து, "குழம்பு மட்டும் விடும்" என்றார். பிறகு துண்டும் போட்டார். பிறகும் போட்டார்.

ரொறன்ரோ திரும்பி ஒரு மாதத்துக்குள் அந்தப் படம் ஸ்ரௌவ்வில் வீட்டு ஹோலில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. ஒரு பிறந்தநாள் பார்ட்டியில், படத்துக்கு முன்னால் ஆண்களைக் கூட்டிவைத்துக்கொண்டு, மீனோடு எவ்வளவு நேரம் போராடினார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "பிறகு பத்திரமா விட்டிட்டன். பாவம், ஒரு உயிரெல்லே."

ரோல்ஸ் தட்டோடு அந்தப் பக்கம் வந்த அக்கா நின்றாள். குரல் உயரவில்லை. "அதை நான் பிடிச்சனான். இவர் படத்துக்கெண்டு தூக்கிவைச்சுக்கொண்டு நிண்டதிலை செத்துப்போச்சு. நாங்கள் குழம்பு வைச்சுச் சாப்பிட்டம். இவரும் நல்லாச் சாப்பிட்டவர்."

ஆண்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், "அக்கா, உந்த மீன் முள்ளெல்லோ? என்னெண்டு வெட்டினனீங்கள்?" என்று கேட்டார். அவள் தட்டை வைத்துவிட்டுக் கையால் காட்டிச் சொன்னாள். நின்ற எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அத்தான் ஐஸ் எடுக்க என்று பேஸ்மென்றுக்குப் போனார். என் கணவர் ஆறுதல் சொல்ல அவருக்குப் பின்னால் இறங்கினார்.

இந்தக் கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவே கார் ஓட்டிவந்து என்னை ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்கப் போகிறாள். பிடித்ததைச் சாப்பிடுகிறோம். அத்தான் இப்போது கோல்ஃப் விளையாடுகிறார். கையுறையை ஏன் ஒரு கைக்கு மட்டும் போடவேண்டும் என்று போனகிழமை எனக்கு நெடுநேரம் விளங்கப்படுத்தினார்.